மலைமேல் ஒரு நஞ்சுண்டசாமி

தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதுதான், தான் மலைமேல் மயங்கி விழுந்துவிட்ட செய்தி நஞ்சுண்டசாமிக்கு வந்தது.

போன் வந்தது அவர் மனைவி கனகாவுக்கு. அடுப்படியில் ஒரு கையில் தோசைத் திருப்பியும் மறு கையில் எண்ணெய்க் கிண்ணமுமாக நின்றவள், தெரியாத எண்ணைப் பார்த்ததும், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் லோன் வேண்டுமா என்று கேட்கிற கூட்டமாக இருக்கும், நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லி அனுப்பலாம் என்று சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினாள். காற்றிரைச்சலுக்கு நடுவே ஒரு இளம்பெண்ணின் குரல். "நஞ்சுண்டசாமி அவர மனெயவரா? ஹெதர்பேடி மேடம்." பயப்பட வேண்டாம் என்று கன்னடத்தில் ஆரம்பித்தவள், உங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கிவிட்டது, கூகெபெட்டா உச்சிக்குக் கீழே தண்ணீர்ப் பந்தலில் படுக்க வைத்திருக்கிறோம், குளுக்கோஸ் கொடுத்திருக்கிறோம் என்று ஒப்பித்துக்கொண்டே போனாள்.

கனகா போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏனுங்க, நீங்க மலைமேல மயங்கிக் கெடக்கறீங்களாமா. எந்திரிச்சு ஒருக்காப் பாத்துக்குங்க."

சிரிக்க வேண்டிய இடத்தில் அவர் சிரிக்கவில்லை. வாயிலிருந்த தோசை அப்படியே நின்றது. வந்து போனை வாங்கினார், ஸ்பீக்கரை அணைத்தார், பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடைக்கு வந்த சரக்கில் பாதி நனைந்துவிட்டது என்று லாரிக்காரன் சொல்லும்போதுகூட அவர் இப்படி நடந்து கனகா பார்த்ததில்லை.

"சொல்லுங்கம்மா, என்னாச்சு?"

"நீங்க தமிழா? நான் சின்மயி சார், மேல வாலன்டியர். நீங்க அவருக்கு யாரு?"

"தம்பி," என்றார் நஞ்சுண்டசாமி. தனக்குத் தானே தம்பி.

"சார், அவர் தள்ளாடிக்கிட்டே வந்தாரு, உக்காரச் சொன்னா உக்காரல, தொப்பியைக் கழட்ட விடல, என்னென்னமோ பேசறாரு. மார்ல குத்தியிருந்த ரேஸ் நம்பருக்குப் பின்னாடி உங்க வீட்டு போன் நம்பரும், டயபெட்டிக், மாத்திரை சாப்பிடறவர்னும் இருந்துச்சு, அதான் உடனே குளுக்கோஸ் குடுத்தோம். ஆனா சார், அவருக்கு அவர் பேரே ஞாபகம் இல்ல. நஞ்சுண்டசாமி சார்னு கூப்பிட்டா நான் அவரில்லைங்கறாரு. ஷுகரே இல்லைங்கறாரு. ஷுகர் இறங்கினா அப்படித்தான் குழம்பிப் பேசுவாங்கன்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க. இருந்தாலும் வீட்ல ஒரு தடவை கேட்டுக்கலாம்னு, சிக்னல் கிடைக்கற பாறை வரைக்கும் ஏறி வந்து கூப்பிடறேன். அவருக்கு ஷுகர் உண்டுதானே சார்?"

நஞ்சுண்டசாமியின் அப்பா ஹனூர்ப் பக்கத்துச் சந்தைகளில் மாட்டுத் தரகு செய்தவர். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போய்விடும். விலையை வாய் பேசாது, விரல்தான் பேசும். சுற்றி நூறு பேர் நின்றாலும் துண்டுக்குள் நடப்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்தத் துண்டுக்கு அடியில் முதலில் விரலை நீட்டினவன் தோற்றான் என்பது அந்தக் குடும்பத்தின் வேதம். எதிராளி என்ன வைத்திருக்கிறான் என்று தெரிகிறவரை உன் கையை மூடி வை. மைசூர் சந்தேபேட்டையில் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கடையை இருபது வருஷமாக நஞ்சுண்டசாமி நடத்தியது இந்த ஒரே பாடத்தில்தான். வியாபாரத்தில் பொய் சொல்ல மாட்டார். கேட்டதற்கு மேல் சொல்லவும் மாட்டார்.

"உண்டுங்க," என்றார். "நஞ்சுண்டசாமிக்குச் சர்க்கரை உண்டு."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. நல்ல வியாபாரியின் மோசடியில் சரக்கு எப்போதும் அசல்தான். மாறியிருப்பது மேலே ஒட்டிய சீட்டுதான்.

"அப்பாடா," என்றாள் சின்மயி. "கவின் கவின்னே சொல்லிட்டிருக்காரு சார். யாரு அது, மகனா?"

"எங்க வீட்டுப் பையன்."

"பாவம், அவரைத் தேடறாரு போலிருக்கு. கீழ இறக்கிடவா சார்? ஸ்டார்ட்டிங் பாயின்ட்ல ஆம்புலன்ஸ் நிக்குது."

கீழே இறக்கினால் முடிவுக்கோட்டைத் தாண்டித்தான் இறக்க வேண்டும். அங்கே மேடை இருக்கிறது, மைக் இருக்கிறது, மைசூரில் அவரிடம் கயிறு வாங்குகிற பாதிப் பேர் இருக்கிறார்கள். நஞ்சுண்டசாமி ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடியில் துண்டு மறுபடி கைமேல் விழுந்தது.

"வேண்டாமுங்க. நெழல்லயே படுத்திருக்கட்டும். நான் கெளம்பீட்டேன், வந்து கூட்டிக்கறேன்."

*

கூகெபெட்டா ஒன்றும் பெரிய மலையில்லை. நஞ்சன்கூடு சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் யானை படுத்த மாதிரி ஒரு பாறை மேடு, அதைச் சுற்றி முட்புதர். நாலு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் நஞ்சுண்டசாமியின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "தினம் ஓடுறீங்களா, இல்ல என்கிட்டயே ஓடி வர்றீங்களா?" என்று கேட்டதிலிருந்து அவர் அங்கே போக ஆரம்பித்தார். போன இடத்தில் ஒரு குழு. மைசூர் விஜயநகரிலும் அதைச் சுற்றியும் குடியிருக்கிற உத்தியோகஸ்தர்கள், ஓய்வு பெற்றவர்கள். மேல்கோட்டை ஐயங்கார் வம்சத்து ஹரிப்ரசாத் தலைவர். மழையில் அரித்துப்போன பாதையைச் சீர்படுத்துவது, வழியை மூடுகிற உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குவது, தண்ணீர் பாதையோடு ஓடாமல் பக்கத்தில் வடிய குறுக்கே கல் பதிப்பது என்று வருஷம் முழுக்க வேலை. அந்த வேலைக்குப் பணம் சேர்க்க வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டம். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கடப்பாரை பிடித்தவனுக்கு நம்பர் இலவசம்; பிடிக்காதவன் பணம் கட்டி ஓடட்டும். மண்ணைத் தொட்டு வாங்கிய நம்பர் சிவப்பு நிறம், காசுக்கு வாங்கியது வெள்ளை. சிவப்பு நம்பர்க்காரர்களைப் பந்தலில் கைதட்டி வரவேற்பார்கள்.

போன வருஷம் ஒரு வங்கி அதிகாரி தனக்குக் கிடைத்த சிவப்பு நம்பரை மச்சினனிடம் கொடுத்து ஓடவிட்டார். கண்டுபிடித்தவர் நஞ்சுண்டசாமி. கூட்டத்தில் எழுந்து, "ஒழைச்சது ஒருத்தன், கைதட்டு இன்னொருத்தனுக்கா? இது என்ன சந்தையா?" என்று கேட்டவரும் அவர்தான். சந்தையில் பிறந்து வளர்ந்தவர் அதைக் கேட்டதால் எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. இனிமேல் நம்பரைக் கைமாற்றினால் ஆயுள் முழுக்கத் தடை, பெயரை மேடையில் படிப்பது என்று விதி எழுதினார்கள். வாசகம் அவருடையது. அந்த அதிகாரி இப்போதும் அவர் கடைப்பக்கம் வருவதில்லை.

அப்படிப்பட்டவர் இந்த வருஷம் கடப்பாரை பிடித்த கையோடு காலிலும் ஒரு கொப்புளத்தை வாங்கிக்கொண்டார். பூட்ஸ் கடித்தது. சர்க்கரைக்காரன் காலில் கொப்புளம் என்பது வட்டிக்கு வாங்கின கடன் மாதிரி, சும்மா இருக்காது. "ஓடுனீங்கன்னா நான் கொள்ளேகால் பஸ்ஸேறிருவேன்" என்று கனகா பிறந்த வீட்டைக் காட்டிச் சொல்லிவிட்டாள். சிவப்பு நம்பர் அலமாரியில் கிடந்தது. வெயிலிலும் முள்ளிலும் சம்பாதித்தது, யாருக்கும் பயன்படாமல்.

கனகாவின் தம்பி கவின்ராஜ் மைசூரில் ஒரு பைக் ஷோரூமில் விற்பனைக்குச் சேர்ந்து, அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தான். கொள்ளேகாலில் கல்லூரிக்காக ஓடியவன். சான்றிதழ்கள் டிரங்குப் பெட்டியில் இருந்தன. அலமாரியைத் திறந்து அந்த நம்பரை எடுத்து மார்பில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தான்.

"மச்சான், ஒழைச்சது வீணாப் போகோணுமா?"

"டேய், அதுக்கு ரூல் இருக்குது."

"ரூல் போட்டது யாரு? நீங்க. அப்புறம் உங்களை எவன் சந்தேகப்படப் போறான்? நெனைச்சுப் பாருங்க, ரிசல்ட்ல 'நஞ்சுண்டசாமி, நாப்பத்தஞ்சு வயசுக்கு மேற்பட்டோர், மூணாவது எடம்'னு வந்தா கடையில பிரேம் போட்டு மாட்டலாம்."

அதுதான் அடித்தது. வீணாகப் போவதும் பொறுக்காது, பெயர் வருவதும் கசக்காது. இரண்டு ஆசையும் ஒரே விலைக்குக் கிடைக்கும்போது விடுகிறவன் வியாபாரியே இல்லை.

"மூணாவதெல்லாம் வேண்டாம்," என்றார். "மேடைக்குக் கூப்பிட்டுருவாங்க. நாப்பத்தஞ்சு வயசுக்காரன் மூச்சு வாங்கற மாதிரி ஓடு. பதினைஞ்சுக்கு அப்பால வந்தாப் போதும். தொப்பியைக் கண்ணு வரைக்கும் இழுத்து விட்டுக்க."

இருவரும் சிரித்தார்கள். வியாழக்கிழமை கவினுக்குக் காய்ச்சல் அடித்தது. மாத்திரை போட்டு வெள்ளியன்று எழுந்துவிட்டான். கனகாவிடம் நண்பர்களோடு நஞ்சன்கூடு கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இருட்டிலேயே கிளம்பினான். தம்பி சாமி கும்பிடப் போகிறானே என்று அவள் திருநீறு பூசி அனுப்பினாள்.

*

பால்கனிக் கதவைத் திறந்து வெளியே வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. கனகா கார்ச் சாவியோடு நின்றாள். போனில் பேசியது காதில் விழாவிட்டாலும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற முதுகை அவள் படித்திருந்தாள்.

"மலைமேல இருக்கறது யாருங்க?"

"வண்டில சொல்றேன், வா புள்ள."

காரில் சொன்னார். ரிங் ரோடு சிக்னல் தாண்டும்வரை மெதுவாக, சில்லறையாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கால் கொப்புளத்தில் ஆரம்பித்து, உழைப்பு வீணாகக் கூடாதென்ற நியாயத்தின் வழியாக, கவினின் ஆசைக்கு வந்து, தன் ஆசையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய், நம்பரில் நிறுத்தினார்.  அவர் சொல்லி முடித்ததும் கனகா கேட்டாள்.

"என்ற தம்பிக்கு ஏதுங்க சக்கரை?"

"இல்லைதான். குளுக்கோஸ்தானே குடுத்திருக்காங்க, அது ஒண்ணும் பண்ணாது. வெயில்ல கெறக்கம் வந்திருக்கும்."

"அந்தப் புள்ள உங்களக் கேட்டாளா, இல்லையா?"

அவர் ஒரு லாரியை முந்தினார்.

"கேட்டாளா? சக்கரை உண்டான்னு கேட்டாளா?"

"கேட்டா."

"என்னன்னு சொன்னீங்க?"

"கனகா, அங்க போயிட்டு நானே ஹரிப்ரசாத் காதுல போட்டுடறேன். போன்ல சொன்னா அவளுக்குப் புரியாது, மைக்ல கத்தி வெச்சுருவா."

கனகா போனை எடுத்து அந்த எண்ணுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு குரல் கன்னடத்தில் சொன்னது, பிறகு ஆங்கிலத்தில் சொன்னது. மறுபடி அடித்தாள். அதே குரல், அதே மரியாதை. சின்மயி பாறையிலிருந்து இறங்கிப் பந்தலுக்குப் போயிருப்பாள். பந்தலில் சிக்னல் கிடையாது. மலை தன் ஒரே வாயை ஒரு தடவை திறந்து கேட்டது. நஞ்சுண்டசாமி அதற்குப் பதில் சொல்லி மூடிவிட்டார்.

"ஹரிப்ரசாத் நம்பர் குடுங்க."

"அவரு மேடையில இருப்பாரு, எடுக்க மாட்டாரு. இந்தா வந்துருச்சு, அந்தப் புளியமரம் தாண்டுனா—"

"நம்பர் குடுங்கன்னேன்."

கொடுத்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. அவள் அழவில்லை என்பது அவருக்குப் பயமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுடைய கோபம், அழுகை, கொள்ளேகால் பஸ் மிரட்டல் எல்லாவற்றுக்கும் அவருக்கு விலை தெரியும். இந்த மௌனம் சந்தைக்கு இதுவரை வராத சரக்கு.

வெயில் ஏறியிருந்தது. பிப்ரவரிதான், ஆனால் இரண்டு வருஷமாக மைசூருக்கு யாரோ பிப்ரவரியைத் திருடிவிட்டு ஏப்ரலை விற்றுக்கொண்டிருந்தார்கள். தென்னந்தோப்புகளுக்கு நடுவே திரும்பியபோதே மேளச் சத்தம் கேட்டது.

*

மலையடிவாரத்தில் திருவிழா. ஷாமியானா, இட்லி ஸ்டால், கழுத்தில் பதக்கத்தோடு செல்ஃபி எடுக்கும் கூட்டம். வந்து சேர்ந்தவர்கள் கல் மேல் கால் நீட்டி, ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டு, ஓடாதவர்களைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையிலிருந்து இறங்கி வந்த ஹரிப்ரசாத் கையில் வாக்கி-டாக்கி. மெலிந்த மனிதர், நெற்றியில் திருமண் வேர்வையில் கரைந்திருந்தது. காரிலிருந்து இறங்கிய நஞ்சுண்டசாமியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்ன ஸ்வாமி, மேல மயங்கிண்டு கெடக்கேள்னு இப்பத்தான் சொன்னா. அதுக்குள்ள குளிச்சுட்டு, சட்டை மாத்திண்டு, கார்ல வந்து இறங்கறேள். இப்பிடி ரெக்கவரி நான் பாத்ததே இல்ல."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கனகா பேசிவிட்டாள்.

"மேல இருக்கறது என்ற தம்பிங்க. கவின்ராஜ். அவனுக்குச் சக்கரை இல்லீங்க. மூணு நாளைக்கு முன்னால காய்ச்சலுங்க. கீழ எறக்கச் சொல்லுங்க."

ஹரிப்ரசாத்துக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. அவர் நஞ்சுண்டசாமியைப் பார்த்தார். திட்டவில்லை. விதியை நினைவூட்டவில்லை. நஞ்சுண்டசாமி இத்தனை நேரம் மூடி மூடிக் காத்த கைக்குள் இருந்ததை யாரும் விலைக்குக்கூடக் கேட்கவில்லை. ஹரிப்ரசாத் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோய், "சின்மயி, சின்மயி, அந்தப் பேஷண்ட்டுக்கு ஷுகர் கிடையாது. ரிப்பீட், ஷுகர் கிடையாது. அவர் நஞ்சுண்டசாமி இல்ல. நம்பர் மாறியிருக்கு. வெயில் தாக்கினதா இருக்கும். தண்ணி ஊத்து, விசிறு, உடனே இறக்கு" என்றார்.

கரகரப்பு. பிறகு சின்மயியின் குரல், காலையில் இருந்த தெம்பில்லாமல். "சார், வீட்ல கன்ஃபர்ம் பண்ணாங்களே சார். அவர் தம்பிதான் உண்டுன்னு சொன்னாரு." ஒரு இடைவெளி. "சார், இப்ப ஃபிட்ஸ் மாதிரி வந்துச்சு. பேசலை. குளிரும்னு ஜாக்கெட் போத்தி வெச்சிருந்தோம் சார். அவர் சொல்லிட்டே இருந்தாரு சார், நான் கவின், நான் கவின்னு. நாங்கதான் இல்ல சார், நீங்க நஞ்சுண்டசாமி, கொஞ்சம் ஜூஸ் குடிங்கன்னு..."

வாக்கி-டாக்கியைச் சுற்றி நின்ற எல்லோரும் அதைக் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர் போன வருஷத்து வங்கி அதிகாரி. வெள்ளை நம்பர் கட்டி ஓடி முடித்திருந்தார்.  தன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நஞ்சுண்டசாமியிடம் நீட்டினார். அதை வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் வாங்கினார்.

கனகா அதற்குள் ஏற ஆரம்பித்திருந்தாள். வீட்டுச் செருப்பு, நைட்டிக்கு மேல் அவசரத்தில் போட்ட துப்பட்டா. இறங்கி வருகிற ஓட்டக்காரர்கள் அவளுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள், சிலர் பழக்க தோஷத்தில் கைதட்டினார்கள். நஞ்சுண்டசாமி பின்னால் நொண்டினார். வழி நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. ஒரு கல்கூட ஆடவில்லை, ஒரு முள்கூடக் குறுக்கே இல்லை. ஒவ்வொரு படியும் அவரும் மற்றவர்களும் இடுப்பொடியப் பதித்தது. பாதை ஆரம்பத்தில், பொடிப் பையன்கள் பைக்கில் ஏறி மண்ணைக் கிளறுகிறார்கள் என்று இந்த வருஷம் ஆளுயரக் கற்களை வளைந்து வளைந்து நட்டிருந்தார்கள். பைக் ஏறாது என்று எல்லோரும் பாராட்டினார்கள். வேறு எதுவும் ஏறாது, எதுவும் நேராக இறங்காது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பாதி வழியில் ஸ்ட்ரெச்சர் எதிர்ப்பட்டது. இரண்டு பக்கமும் ஓட்டக்காரர்களே தூக்கி வந்தார்கள், மார்பில் நம்பர் குலுங்க. முன்னால் சின்மயி, கண்ணெல்லாம் சிவந்து, கையில் இன்னும் அந்தக் குளுக்கோஸ் பாக்கெட். கவின்ராஜ் மேல் குளிருக்குப் போர்த்துகிற பளபளப்பான வெள்ளிக் காகிதமும் அதன் மேல் யாருடையதோ ஜாக்கெட்டும் இருந்தன. கனகா அவன் கன்னத்தைத் தொட்டாள். சூட்டுக்குக் கையை இழுத்துக்கொண்டாள்.

"கொதிக்குதேடா சாமி," என்றாள். ஜாக்கெட்டையும் காகிதத்தையும் பிடுங்கி எறிந்தாள். நஞ்சுண்டசாமியின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி அவன் தலையில் கவிழ்த்தாள், துப்பட்டாவை நனைத்துக் கழுத்தில் சுற்றினாள். அவன் கண் பாதி திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை.

"மாப்ளே," என்று கூப்பிட்டார் நஞ்சுண்டசாமி. "கவினு."

"அந்தப் பேரை நீங்க சொல்லாதீங்க," என்றாள் கனகா. சத்தமாகச் சொல்லவில்லை, தூக்கி வந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது.

கல் வளைவுகளில் ஸ்ட்ரெச்சரைத் தலைக்கு மேல் தூக்கி, சாய்த்து, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றி இறக்கினார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பேச்சு, "இந்தப் பக்கம்", "ஜாக்கிரதை", "நிதானா, நிதானா". ஒரு கல்லை நஞ்சுண்டசாமி இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து அசைத்துப் பார்த்தார். அது நன்றாகப் பதிக்கப்பட்டிருந்தது.

கீழே மேளத்தை நிறுத்தியிருந்தார்கள். ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஏற்றியதும் பணியாளர் கத்தரிக்கோலால் டீ-சர்ட்டைக் கழுத்திலிருந்து கீழ்வரை கத்தரித்தார், மூக்கில் ஆக்ஸிஜன் மாட்டினார், கக்கத்தில் ஐஸ் பை வைத்தார். வேலைகளுக்கு நடுவே, கத்தரித்த துணியோடு தொங்கிய சிவப்புக் காகிதத்தைப் பார்த்து, "ஹெசரு நஞ்சுண்டசாமி, ஷுகர் பேஷண்ட்டு" என்று டிரைவரிடம் சொன்னார், ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்வதற்காக.

"அல்ல," என்றாள் கனகா. "கவின்ராஜ். ஷுகர் இல்லா."

"மத்தெ இது யாரது?" அப்படியானால் இது யாருடையது என்று பணியாளர் காகிதத்தைச் சுட்டினார். அவர் நிமிர்ந்து பார்த்தபோது நஞ்சுண்டசாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல், என்னுது. சந்தேபேட்டையில் எத்தனையோ பொருளை அந்த ஒரு சொல்லால் வாங்கியிருக்கிறார். இப்போது அதைச் சொல்லாமல் கதவை இன்னும் இறுகப் பிடித்தார்.

"ஒப்பரே," என்றார் பணியாளர். ஒருவர்தான் ஏறலாம்.

கனகா ஏற்கெனவே உள்ளே இருந்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து, தம்பியின் மேல் கிடந்த அந்தக் காகிதத்தைக் கழற்ற ஆரம்பித்தாள். கிழித்தெறிந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் கிழிக்கவில்லை. ஒவ்வொரு மூலையிலும் குத்தியிருந்த ஊக்கை விரலால் அழுத்தித் திறந்து, உருவி, சேலை கட்டும்போது வைத்துக்கொள்கிற மாதிரி உதட்டுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். ஒன்று. இன்னொன்று. பணியாளர் கவினின் மார்பில் இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்கியிருந்தார், வண்டி அந்த அழுத்தத்துக்கு லேசாக ஆடியது. கடைசி ஊக்கையும் உதட்டில் வைத்துவிட்டு அவள் தலையைத் தூக்கி வெளியே நின்றவரைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று அவர் கதவை விடாமல் நின்றார். இறுக மூடிய உதடுகளில் ஊக்குகள் வரிசையாக வெயிலில் மின்னின, டிரைவர் வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, கதவைச் சாத்தினார்.